‘இறைச்சி இல்லை’ என்ற பதில் போதாது

கேள்வி: மகளைப் பார்க்க டெக்சாஸ் செல்கிறோம். சான் ஆன்டோனியோவில் இரண்டு நாள் தங்கி, மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் மேற்குப் பகுதியில் சாப்பிடவும், ஆற்றோரம் நடக்கவும் ஆசை. நாங்கள் சைவம். கணவருக்கு முழங்கால் வலி. பேக்கேஜ் டூர் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. ஆற்றங்கரையிலுள்ள சான் ஹோசே, கொன்செப்சியோன், சான் ஹுவான், எஸ்பாடா ஆகிய நான்கு பழைய மிஷன் தேவாலயங்களும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் அறிந்த ஒரு குடும்பத்திடம் இடைத்தரகர் ஒருவர் ‘மிஷன் டிக்கெட்’ என்று தலைக்கு இத்தனை டாலர் என வாங்கிவிட்டார். அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை. நகர மையத்தில் படகில் ஏறினால்தான் காசு. கரையில் நடக்க யாருக்கும் எதுவும் தர வேண்டாம்.

மிஷன் ரீச் என்ற ஆற்றோரப் பாதை சுமார் 8 மைல். முழுவதும் நடக்க முயலாதீர்கள், நிழல் குறைவு. சான் ஹோசே வரை காரில் போய், காலையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மேற்குப் பகுதியிலேயே, அப்பாச்சி ஓடையை ஒட்டிய எல்மென்டார்ஃப் ஏரிப் பூங்காவும் உண்டு. முழங்காலுக்கு அதுதான் ஏற்றது.

இனி சாப்பாடு. என் கவலையெல்லாம் இதில்தான். பீன்ஸ், சீஸ் வைத்து மடித்த ரொட்டியான டாக்கோவைப் பார்த்ததும் சைவம் என்று நம்பிவிடுவோம். அந்தப் பீன்ஸ் மசியலைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். நம் சப்பாத்தி போலிருக்கும் மைதா டோர்ட்டியாவிலும் அது சேரும். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்தது. ‘இறைச்சி உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். அவர்கள் கணக்கில் கொழுப்பு இறைச்சி அல்ல, அது பொய்யும் அல்ல. ஆகவே ஸ்பானிய மொழியில் ‘யேவா மந்தேகா?’ என்று கேளுங்கள். கொழுப்பு சேர்ந்ததா என்று பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம். ‘மந்தேகா’ என்றாலே பன்றி என்று எழுந்துவிடாதீர்கள். ‘மந்தேகா வெஹெதால்’ என்றால் நம் வனஸ்பதி, தாராளமாகச் சாப்பிடலாம். ‘தே புவெர்கோ’ என்றால்தான் பன்றி. ‘மந்தெகீயா’ வெறும் வெண்ணெய். மூன்றும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். குழம்பினால் ஆங்கிலத்தில் ‘லார்ட்’ (பன்றிக் கொழுப்பு) உண்டா என்று கேளுங்கள், எல்லாருக்கும் புரியும்.

நம்மூர்ப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி போடக் கட்டாயம் இருக்கிறது. அங்கே சங்கிலி உணவகங்கள் கலோரிக் கணக்கை எழுதியாக வேண்டும். எந்தக் கொழுப்பில் சமைத்தோம் என்று எழுதத் தேவையில்லை. விரதம் இருப்பவர், மத நியமம் உள்ளவர் எல்லாரும் கடை கடையாகக் கேட்டு அலைய வேண்டுமா? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

நம்பிச் சாப்பிட மக்காச்சோள டோர்ட்டியா இருக்கிறது: சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளம், அவ்வளவுதான். அதில் நோபாலெஸ் எனும் கள்ளி மடல், உருளைக்கிழங்கு, அவகாடோ வைக்கச் சொல்லுங்கள். டாக்கோ கடைகள் பல மதியத்தோடு மூடிவிடும். பத்து மணிக்குள் போங்கள். அடுமனையில் சிப்பி போன்ற கோன்சா இனிப்பு ரொட்டி வாங்கும்போதும் மந்தேகா கேள்வியை விட்டுவிடாதீர்கள்.