மாத்திரையை நிறுத்தியதும் வந்த தொல்லை: ஊரோடு சேர்ந்து வழக்குப் போடலாமா?

கேள்வி (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்): என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரையால் பாதம் எரிகிறது என்று சேலத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். டுலோக்செட்டின் மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். எரிச்சல் குறைந்ததால் அதே சீட்டைக் காட்டி உள்ளூர் மெடிக்கலில் பத்து மாதம் வாங்கிச் சாப்பிட்டார். போன மாசியில் திடீரென நிறுத்திவிட்டார். மூன்றாம் நாளே தலைசுற்றல், வாந்தி, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு. ஐந்து வாரம் எழுந்து நடமாட முடியவில்லை. நிறுத்தினால் இப்படி ஆகும் என்று யாருமே சொல்லவில்லை. இப்போது ஒருவர் வீடு வீடாக வந்து, "அமெரிக்காவில் இந்த மாத்திரை மேல் கிளாஸ் ஆக்‌ஷன் கேஸ் இருக்கிறது. ஆளுக்கு 3,500 ரூபாயும் ஒரிஜினல் சீட்டும் கொடுங்கள், பல லட்சம் வரும், எங்களுக்கு 30 சதவீதம்" என்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். ஒரிஜினல் சீட்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அமெரிக்காவில் வழக்கு நடந்தது உண்மை. டுலோக்செட்டினை அங்கே சிம்பால்டா என்ற பெயரில் எலி லில்லி கம்பெனி விற்றது. நிறுத்தியவர்களில் 100-க்கு 44 பேருக்குத் தொந்தரவு வந்ததாக 2005-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 23 பேர்தான். லேபிளிலோ "1 சதவீதம் அல்லது அதற்கு மேல்" என்றுதான் போட்டிருந்தார்கள் என்பதே அங்குள்ளவர்களின் குறை. நியாயமான குறைதான். ஆனால் கிளாஸ் ஆக்‌ஷனாக, அதாவது எல்லோருக்குமாக ஒரே வழக்காக நடத்த கலிஃபோர்னியா நீதிமன்றம் 2014-ல் அனுமதி மறுத்துவிட்டது. 2015-ல் முதலில் ஜூரி முன் வந்த வழக்குகளில் கம்பெனிதான் ஜெயித்தது. உங்கள் வாசலுக்கு வந்தவர் இதையெல்லாம் சொன்னாரா? அதோடு, நீங்கள் அனுப்பிய படத்தில் அட்டையின் பின்பக்கம் இமாசலப் பிரதேச முகவரிதான் இருக்கிறது. இங்கே தயாரித்த மாத்திரைக்கு அமெரிக்கக் கம்பெனி ஏன் பணம் தரப்போகிறது?

இந்த இடைத்தரகர்களால் எத்தனையோ நல்ல வழக்குகள் பாழானதைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் வக்கீல் வீடு தேடி வந்து வழக்குப் பிடிக்கக் கூடாது. ஜெயித்த தொகையில் இத்தனை பங்கு என்று பேசவும் கூடாது. இரண்டையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அப்படியானால் 30 சதவீதம் கேட்பவர் வக்கீலே இல்லை, அல்லது விதியை மீறும் வக்கீல். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து, ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். அரூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இப்படி மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒருவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தது. என்ன மருந்து, எப்போது வாங்கியது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்களிடம் மிஞ்சவில்லை.

சரி, நம் ஊரிலேயே பலர் சேர்ந்து வழக்குப் போட வழி இருக்கிறதா? இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 35-வது பிரிவின்படி, ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவர் நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் தரலாம். சிலர் மட்டும் தங்களுக்காகக் கூட்டாகவும் தரலாம். அதை உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் வீட்டுமனை வாங்கி ஏமாந்தவர்களின் குறை ஒன்றாக இருப்பது போல, மாத்திரை சாப்பிட்டவர்களின் குறை ஒன்றாக இருக்காது. ஒருவர் இரண்டு மாதம் சாப்பிட்டிருப்பார், ஒருவர் இரண்டு வருடம். உங்கள் அம்மாவுக்குத் தனிப் புகாரே பலம்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். பொருளில் போதிய எச்சரிக்கை இல்லை என்றால் தயாரித்தவர் பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் 84-வது பிரிவு. அதைப் படித்ததும் மக்கள் துள்ளுகிறார்கள். 87-வது பிரிவை யாரும் படிப்பதில்லை. நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்குத் தயாரிப்பாளர் நியாயமான வழியில் எச்சரிக்கை சொல்லியிருந்தால், தயாரிப்பாளர் மேல் எச்சரிக்கைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை எல்லாம் இதற்குள் வந்துவிடும். அதாவது கம்பெனி உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொல்லியிருந்தால் போதும். மருந்தோடு வரும் விவரத்தாளில் "படிப்படியாகக் குறைக்கவும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தாலே அதை நீட்டுவார்கள். பத்து மாத்திரையைக் கத்தரித்து வாங்கும் நம் அம்மாக்களின் கைக்கு அந்தத் தாள் வருவதே இல்லை. வந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். யாருக்கு வலிக்குமோ அவருக்குச் சொல்லாமல் விட இடம் தரும் இந்தப் பிரிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் இன்றைக்குச் சட்டம் இதுதான். அந்த விவரத்தாளை முதலில் வாங்கிப் படியுங்கள். எச்சரிக்கை வரி அதில் இல்லை என்றால் மட்டும் கம்பெனியைச் சேர்க்கலாம்.

டாக்டர் விஷயம்? அவர் ஒரு மாதத்துக்குத்தான் எழுதினார். "திரும்ப வரவே இல்லை" என்பார். உங்கள் வழக்கில் பிடி இருப்பது மருந்துக்கடை மேல்தான். பலமுறை தரலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் மருந்து தரக் கூடாது என்பது விதி. பத்து மாதம் கொடுத்திருக்கிறார்கள். பில் போட்டார்களா என்று தேடுங்கள். பில்லில் பேட்ச் எண் இருந்தால் இன்னும் நல்லது. காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். படுத்திருந்த நாட்களில் காட்டிய மருத்துவமனையில் பதிவேட்டு நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அந்தக் குறிப்பில் "மாத்திரையை நிறுத்தியபின்" என்ற வார்த்தை இருந்தால் அதுதான் உங்கள் சொத்து.

புகாரைத் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தரலாம். சேலத்துக்கு அலைய வேண்டாம். குடியிருக்கும் இடமே போதும். மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. பெண் என்பதால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மாவுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடுவதை எத்தனையோ முறை பார்த்து வெறுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் தாமதித்தால் தகுந்த காரணம் காட்டாமல் மன்னிக்க மாட்டார்கள். மாசியில் நிறுத்திய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும்.

இன்னொன்று. அம்மாவுக்கு வந்ததை 1800-180-3024 என்ற மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணில் பதிவு செய்யுங்கள். இதில் காசு வராது. ஆனால் நாலு பேர் சொன்னால்தான் எச்சரிக்கை வரிகள் மாறும். எரிச்சல் மறுபடி வந்தால் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது தூக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் தாமாக நிறுத்தக் கூடாது. சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்புவரை போகலாம்.