ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸில் (‘தட்’, ‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கி, முன்னால் வரும் பெயரை விளக்கும் பகுதி) ‘ஹேட்’ எப்போது வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: ‘ஐ லாஸ்ட் தி பென் தட் மை ஃபாதர் கேவ் மீ.’ அப்பா முதலில் கொடுத்தார், அப்புறம்தான் தொலைந்தது. ‘ஹேட் கிவன்’ என்றுதானே வர வேண்டும் சார்?

பதில்: இரண்டும் சரி. கையில் வராத பேனா தொலையாது. எது முந்தி என்பது பொருளிலேயே தெரிகிறது. அங்கே சிம்பிள் பாஸ்ட் (‘கேவ்’ போல ஹேட் இல்லாத கடந்தகால வடிவம்) போதும். நான் ‘கேவ்’ என்றே எழுதுவேன். தமிழிலும் ‘அப்பா கொடுத்த பேனா’ என்றுதான் சொல்கிறோம், ‘கொடுத்திருந்த பேனா’ என்று அல்ல.

கேள்வி: அப்படியானால் ஹேட் கட்டாயமாகும் இடமே இல்லையா?

பதில்: உண்டு. ‘வீ மெட் தி பீப்பிள் ஹூ லிவ்டு இன் தட் ஹவுஸ்’ என்றால், நாங்கள் சந்தித்த நேரத்தில் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள். ‘ஹூ ஹேட் லிவ்டு’ என்றால் அதற்கு முன்பே காலி செய்துவிட்டவர்கள் என்றுதான் பொதுவாகப் புரியும். ஆட்களே மாறிவிடுகிறார்கள்! ஆனால் ‘ஃபார் டென் இயர்ஸ்’ என்று சேர்த்தால், இன்னும் அங்கேயே இருப்பவர்களாகவும் இருக்கலாம். லிவ், ஒர்க், ஓன், நோ போல நீடிக்கும் வினைகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தி பேங்க்’ சரியா?

பதில்: தனியாக நின்றால் தவறு. ‘ஐ வென்ட்’ போதும். ‘நேற்று பேங்குக்குப் போயிருந்தேன்’ என்ற தமிழ்தான் நம்மை அங்கே இழுக்கிறது. ஆங்கில ஹேட்டுக்கு, அந்தச் செயலுக்குப் பின்னால் வரும் இன்னொரு கடந்தகாலப் புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி எங்கே என்று பார்க்காமல் ஹேட் போடாதீர்கள்.

கேள்வி: ‘விச்’ போடுவதா, ‘தட்’ போடுவதா?

பதில்: அது வேறு தலைப்பு. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. இரண்டு கடந்தகாலச் செயல்கள் வந்தால் முந்தியதற்கு பாஸ்ட் பர்ஃபெக்ட், அதாவது ‘ஹேட் கிவன்’ போன்ற வடிவம். பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன். இதைப் பாருங்கள்: ‘ஃப்ளெமிங், ஹூ டிஸ்கவர்டு பெனிசிலின் இன் 1928, டைடு இன் 1955.’ இடையில் 27 வருடம், ஆனாலும் ஹேட் இல்லை. இதில் ஒரு பிழையும் கிடையாது. இரண்டு செயல்களையும் நாம் இன்று நின்றபடி தனித்தனியாகப் பார்க்கிறோம்.

கேள்வி: வருடம் போட்டதால் தப்பித்தது. இல்லாவிட்டால்?

பதில்: வருடத்தை எடுத்துவிட்டாலும் அந்த வாக்கியம் நிற்கும். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. ‘இன் 1945 தி நோபல் கமிட்டி ஹானர்டு ஃப்ளெமிங், ஹூ ஹேட் டிஸ்கவர்டு பெனிசிலின் செவன்டீன் இயர்ஸ் எர்லியர்.’ இங்கே 1945இல் போய் நின்றுகொண்டு பின்னோக்கி எண்ணுகிறோம். ‘எர்லியர்’, ‘பிஃபோர்’ அந்தக் காலத்திலிருந்து எண்ணும், ஹேட் கேட்கும். ‘அகோ’ இன்றிலிருந்து எண்ணும்; சிம்பிள் பாஸ்ட் கேட்கும். ‘முந்தியதற்கு ஹேட்’ என்பதை விட இது உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: ‘தி டாக் தட் ஹீ ஹேட் ஹேட் ஃபார் இயர்ஸ்’ என்று இரண்டு ஹேட் வரலாமா?

பதில்: வரலாம். இரண்டாவது, ‘ஹேவ்’ என்பதன் மூன்றாம் வடிவம்.

கேள்வி: ‘லாஸ்ட் வீக் ஐ ஹேட் சீன் எ மூவி’ சரியா சார்?

பதில்: மேலே பேங்க் கேள்விக்குச் சொன்னதேதான். புள்ளி எங்கே? இல்லையென்றால் ‘ஐ சா’.

கேள்வி: ‘தி லெட்டர் தட் ஹேட் கம் ஆன் மண்டே’ என்று கிழமை சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. ‘ஹேஸ் கம் ஆன் மண்டே’ என்றுதான் எழுதக் கூடாது.