அரளி பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

கே: சார், செவ்வரளி, வெள்ளரளி, அடுக்கரளி எல்லாம் வேறு வேறு சிற்றினமா?

ப: இல்லை. நீரியம் பேரினத்தில் இருப்பதே ஒன்றுதான், நீரியம் ஒலியாண்டர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். நம் பக்கத்துச் செடியை 1768இல் மில்லர் ‘இண்டிகம்’ என்று பிரித்தார். இப்போது அதையும் இதிலேயே சேர்த்துவிட்டார்கள். நிறமும் அடுக்கும் வளர்த்தவர்கள் பொறுக்கி எடுத்தவை. வெட்டிய கிளையை ஆடு மாடு போகும் இடத்தில் போடாதீர்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது.

கே: மஞ்சள் அரளி?

ப: அது அரளியே இல்லை, காஸ்கபெலா என்ற வேறு பேரினம். ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரளியில் கணுவுக்கு மூன்று இலை. மஞ்சளில் ஒவ்வொன்றாகக் கிளையைச் சுற்றி ஏறும், கிள்ளினால் பால் வடியும். அரளிப் பூவின் தொண்டையில் கிழிந்த ரிப்பன் மாதிரி ஒரு விளிம்பு உண்டு. மஞ்சளில் அது கிடையாது, வெறும் புனல். அரளி நெற்று வெடித்தால் மயிர் முளைத்த விதை பறக்கும். மஞ்சளுக்குச் சதைக்காய், உள்ளே கொட்டை. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்.

கே: என் வீட்டு மஞ்சள் அரளியில் மூன்று இலைதான் இருக்கிறது!

ப: அப்படியானால் அது உண்மையான அரளிதான். வெளிர்மஞ்சளில் பூக்கும் வகையும் உண்டு. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள் என்பது இதற்குத்தான்.

கே: மஞ்சள் அரளியை நாங்கள் கல்லூரியில் படித்தது தெவேஷியா பெருவியானா என்று. நீங்கள் காஸ்கபெலா என்கிறீர்களே?

ப: லின்னேயஸ் இதைச் செர்பெரா என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு தெவேஷியா. 1980இல் லிப்போல்ட் காஸ்கபெலா தெவேஷியா என்று மாற்றினார். 2007இல் வந்த ஒரு மரபுவழி ஆய்வும் காஸ்கபெலாவையும் தெவேஷியாவையும் தனிப் பேரினங்களாகவே காட்டியது. பழைய பெயரில் எழுதினால் குற்றமில்லை. ஆனால் பழைய பாடப்புத்தகம் சாட்சி ஆகாது.

கே: பேர் மாற்றுவதே உங்களுக்கெல்லாம் வேலையா?

ப: சரி, அடுத்தவர்.

கே: நெடுஞ்சாலை நடுவில் ஏன் அரளியையே நடுகிறார்கள்?

ப: இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் மயிர், அதற்குள் ஒளிந்த இலைத்துளைகள். நீர் எளிதில் போகாது. மாடும் வாய் வைக்காது.

கே: மஞ்சள் அரளியும் இதே இனமா?

ப: மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: வேரை அரைத்துப் பூசலாமா?

ப: வேண்டாம்.

கே: இலையில் பச்சைப் புழு, நீலக் கண் இரண்டு. மருந்து அடிக்கவா?

ப: அவை கண்ணல்ல, மிரட்டும் புள்ளிகள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அரளி நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. உங்கள் ஆட்டைச் செய்யும். புழு தின்ற கிளையை வெட்டினால் வேலியோரம் போடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.