ஹாலா, கார் பார்க்கிங்கா? எத்தனை அடி விடணும்?

கேள்வி: திருச்சி பக்கத்துல 30க்கு 40 மனையில வீடு கட்டப் போறோம். கிழக்கு பாத்த மனை, முன்னாடி 20 அடி ரோடு. பார்க்கிங்குக்கு அக்னி மூலைன்னு முடிவாயிடுச்சு. இப்ப ஆல்டோ வச்சிருக்கோம், ரெண்டு மூணு வருஷத்துல க்ரெட்டா மாதிரி எடுக்கலாம்னு அவரு சொல்றாரு. ஒரு ஸ்கூட்டி, ஒரு பைக்கும் இருக்கு. மேஸ்திரி 8க்கு 14 போதும், மிச்சத்தை ஹால்ல சேத்துக்கலாம்ங்கிறாரு. அத்தைக்கும் ஹால்தான் பெருசா வேணும். மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கர் வச்சு நடக்குறாரு. வீட்டுல தினமும் இதே பேச்சுதான், நீங்க ஒரு அளவு சொல்லுங்களேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழி, கடிதம் முழுக்க வண்டியைப் பத்தி எழுதிட்டு மாமாவோட வாக்கரை ஒரே வரியில முடிச்சிட்டீங்க, எனக்கு என்னவோ அந்த வரியிலதான் உங்க கேள்விக்கான பதிலே இருக்குன்னு தோணுது. மேஸ்திரி சொல்றது கார் நிக்கிறதுக்கான அளவு. அதுல மாமா எப்படி இறங்குவாருன்னு அவரு யோசிக்கல.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். 2009ல கட்டுனப்போ பிளான்ல போர்டிகோ அகலம் 10 அடின்னு போட்டிருந்தாங்க, நாங்களும் 10 அடி தாராளமாச்சேன்னு கையெழுத்து போட்டுட்டோம். அது தூணோட நடுவுலேர்ந்து அடுத்த தூணோட நடுவுக்கு எடுத்த அளவுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. தூண் 12 இன்ச், அதுக்கு மேல பூச்சு, அழகுக்குன்னு ஒட்டுன கல்லு, எல்லாம் போக கடைசியில டேப் வச்சுப் பாத்தா 8 அடி 8 இன்ச்தான் மிச்சம். சின்ன கார் இருந்தவரைக்கும் தெரியல. அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. அவரை ஏத்துறதுக்கு ஒவ்வொரு தடவையும் காரை தெருவுல கொண்டுபோய் நிறுத்தி, ரெண்டு பேரு கைத்தாங்கலா கூட்டிட்டுப் போகணும், மழை நாள்ல ஒரு ஆள் குடை பிடிக்கணும். சொந்த வீட்டுல கூரைக்குக் கீழ கார் இருந்தும் அப்பா நனைஞ்சுகிட்டே ஏறுனது இன்னிக்கும் மனசுல நிக்குது. அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஆல்டோ கே10 நீளம் 3530 மில்லிமீட்டர், அகலம் 1490, அதாவது 11½ அடிக்குச் சொச்சம் நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் கம்மியா அகலம். இது 8க்கு 14ல நல்லாவே நிக்கும், மேஸ்திரி மனசுல இருக்குறதும் இந்த வண்டிதான். க்ரெட்டா 4330க்கு 1790, நீளமே 14 அடி 2 இன்ச்சைத் தாண்டுது, அப்போ கேட்டைச் சாத்தவே முடியாது! 4 மீட்டருக்குள்ள, எஞ்சினும் சின்னதா இருந்தா வரி கம்மிங்கிறதால டிசையர், நெக்ஸான் எல்லாம் 3995 மில்லிமீட்டரோட நிக்குது, அதுகூட 13 அடிக்கு மேல வந்துடும். நாளைக்கு இன்னோவா க்ரிஸ்டான்னு மனசு மாறுனா 4735, பதினஞ்சரை அடி. இன்னொண்ணு, கம்பெனிக்காரங்க குடுக்குற அகலத்துல சைடு மிரர் சேராது. பிளான் அப்ரூவலுக்கே ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் கணக்கு, அதாவது 8 அடி 2 இன்ச்சுக்கு 16 அடி 5 இன்ச், மேஸ்திரியோட அளவு அதுக்கும் கீழ இருக்கு.

என் கணக்கு இதுதான். வண்டிக்கு 6 அடி, மாமா இறங்குற பக்கம் கதவு நல்லா திறந்து வாக்கரையும் வச்சு நிக்க 3½ அடி, மறுபக்கம் சுவரை ஒட்டி நிறுத்துனாலும் 1½ அடி, மொத்தம் 11 அடி அகலம். நீளம் 18 அடி விடுங்க, டிக்கியைத் திறந்து அரிசி மூட்டை இறக்க பின்னாடி ஆள் நிக்கணும் இல்லையா. ரெண்டுமே பூச்சு வேலை, கல்லு ஒட்டுற வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் உள்ளுக்குள்ள கிடைக்க வேண்டிய அளவு, "கிளியரா 11 அடி வேணும்"னு பிளான்லயே எழுதி வாங்குங்க. அத்தைகிட்ட சொல்லுங்க, இந்த 18 அடியில முன்பக்க செட்பேக்குன்னு, அதாவது விதிப்படி கட்டடம் கட்டாம, எப்படியும் விடப்போற இடமும் சேந்துதான் வரும், அங்க ஹால் கட்ட முடியாது, அதனால அவங்க பயப்படுற அளவுக்கு ஹால் குறையாது. செட்பேக் போக மிச்ச பார்க்கிங்குக்கு மேல மாடியில ஒரு ரூமும் கிடைக்கும்.

அந்த 3½ அடி எந்தப் பக்கம்னு முதல்லயே முடிவு பண்ணணும், இதை நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல. மாமா டிரைவருக்குப் பக்கத்துல, இடது பக்கம்தான் உக்காருவாரு. உங்க பார்க்கிங் தென்கிழக்கு மூலையில, வீட்டு வாசல் அதுக்கு வடக்கால. காரை நேரா உள்ள விட்டீங்கன்னா மாமாவோட கதவு தெற்கு காம்பவுண்டு சுவரைப் பாத்து திறக்கும், அவரு வண்டியைச் சுத்திக்கிட்டு வரணும். ரிவர்ஸ்ல உள்ள விட்டா அதே கதவு வாசல் பக்கம் திறக்கும், இறங்குன உடனே படி. அதனால ரிவர்ஸ்ல விடுறதா வச்சுக்கிட்டு வடக்குப் பக்கம் 3½ அடி விடுங்க, வாசல் படிக்கு ஒரு கைப்பிடியும் வச்சிடுங்க.

ஸ்கூட்டியையும் பைக்கையும் இந்த 11 அடிக்குள்ள திணிக்காதீங்க, திணிச்சா மாமாவுக்குன்னு விட்ட இடம்தான் முதல்ல போகும். வெளிப்படிக்கட்டு வைக்கிறீங்கன்னா அதுக்குக் கீழ விடலாம், ஆக்டிவா 6 அடி நீளம், ரெண்டேகால் அடி அகலம்தான்.

கேட்டு விஷயம். உள்பக்கம் திறக்குற ரெண்டு கதவு கேட்டு போட்டா ஒவ்வொரு கதவும் அஞ்சு அஞ்சரை அடி உள்ள வரும், 18 அடி விட்டும் பிரயோஜனம் இல்லாம போயிடும். உங்களுக்கு 30 அடி முகப்பு இருக்கு, ஸ்லைடிங் கேட்டு போடுங்க, அகலம் 11 அடிக்குக் குறைக்காதீங்க, 20 அடி ரோட்டுலேர்ந்து பெரிய வண்டியை ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்க அந்த அகலம் வேணும்.

அடுத்தது தரை உயரம். ரோடு போடப் போட ஏறுதேன்னு பயந்து பார்க்கிங்கையே 2 அடி தூக்கிடுறாங்க. 1 அடி ஏத்துனா சாய்வுக்கு 8 அடி நீளமாவது வேணும், இல்லன்னா வண்டியோட அடி தட்டும். அந்தச் சாய்வை ரோட்டுலயோ சாக்கடை மேலயோ இறக்குனா மாநகராட்சி ஆளுங்க ஒருநாள் இடிச்சுட்டுப் போயிடுவாங்க. பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாரு, உங்க தெருவுல அப்படித்தான் போடுறாங்களான்னு அக்கம்பக்கத்துல கேளுங்க. பார்க்கிங்கை ரோட்டுக்கு 6 இன்ச்லேர்ந்து 9 இன்ச் மேல வச்சு, வீட்டு பேஸ்மட்டத்தை மட்டும் தனியா உசத்துங்க.

சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டி, பார்க்கிங்லதான் வரும்னா அதோட மூடி கார் நிக்கிற இடத்துக்குக் கீழ வரவே கூடாது, தண்ணி லாரி வர்றப்பல்லாம் காரை வெளிய எடுக்கிறது பெரிய தலைவலி. மேல கார் நிக்கப் போகுதுன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லி சம்ப் ஸ்லாபுக்குக் கம்பி போடச் சொல்லுங்க. தரைக்கு வழவழ டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ்தான், மாமா ஈரக்கால்ல நடக்கிற இடம் அது. சுவர்ல மெயின் போர்டுலேர்ந்து ஒரு தனி பைப் மட்டும் இப்பவே பதிச்சு வச்சிடுங்க, பின்னாடி எலக்ட்ரிக் கார் வாங்குனா சுவரை உடைக்காம ஒயர் இழுத்துக்கலாம்.

வானம் தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமா மனைக்குப் போங்க, அத்தையும் வரட்டும். சுண்ணாம்புப் பொடியில 8க்கு 14 ஒரு கட்டம், 11க்கு 18 ஒரு கட்டம் போடுங்க. கோட்டுக்கு வெளிய சுவர் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, உங்க ஆல்டோவையே ரெண்டுலயும் நிறுத்தி, மாமாவை வாக்கரோட இறங்கி நாலடி நடக்கச் சொல்லுங்க. ஆல்டோவை விட க்ரெட்டா ஒரு அடி அகலம், அதையும் மனசுல வச்சுக்கிட்டு பாருங்க. அவருக்குக் கோட்டைத் தாண்டாம எங்க இறங்க முடியுதோ அந்த அளவை எழுதி மேஸ்திரி கையில குடுத்துடுங்க.