டெண்டரை விடுங்கள், பில் வரிசையைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: மாநகராட்சி, பஞ்சாயத்து டெண்டர்களில் நடக்கும் ஊழலைக் குறைக்க ஒரே ஒரு மாற்றம்தான் கொண்டுவர முடியும் என்றால், எதைச் சொல்வீர்கள்?

முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் வரிசையை ஊரறிய வெளியிடச் சொல்வேன். எல்லோரும் டெண்டர் திறக்கும் நாளைப் பற்றியே பேசுகிறோம். நான் பார்த்தவரை காசு கைமாறுவது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

காட்பாடியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சில வருடம் கணக்கு எழுதினேன். தெருவுக்கு சிமென்ட் ரோடு, மழைநீர் கால்வாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, இந்த மாதிரி வேலைகள்தான். அவர் அடிக்கடி சொல்வார்: "டெண்டர் எடுக்கறது பெரிசில்ல நைனா, பில்லு எடுக்கறான் பாரு, அவன்தான் கான்ட்ராக்டர்."

டெண்டர் விடுவதற்கான சட்டம் நம்மிடம் மோசமில்லை. தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது, விதிகள் 2000-ல். 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைக்க மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். டெண்டர் பெட்டி இருந்த காலத்தில், வேண்டாத ஆள் கவரோடு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள அலுவலக வாசலிலேயே நாலு பேர் நிற்பார்கள். ஆன்லைன் வந்த பிறகு அந்த வாசல் காவல் ஒழிந்தது. இன்றைக்கு அரசின் இ-டெண்டர் தளத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இது நிஜமான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் ஒரு தெரு ரோட்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் கேட்கிறார்கள், அவர்கள் விலையும் ஒட்டி ஒட்டியே நிற்கிறது என்றால் ஏன்? பத்துத் தெருவைச் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டி, சின்ன ஆள் தகுதியே பெறாதபடி செய்வது ஒரு காரணம். தார் ரோடு என்றால் இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்த ஹாட் மிக்ஸ் பிளான்ட் (தாரையும் ஜல்லியையும் சூடாகக் கலக்கும் ஆலை) வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. போட்டி இருப்பதுபோல் காட்ட, துணைக்கு ஆள் வைத்து டம்மி டெண்டர் போடுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை; போட்டி போடுகிற இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து டெண்டர் போட்டிருக்கிறார்களா என்று தேடினாலே பாதி சிக்கிவிடும். இப்படிக் கூட்டுச் சேர்ந்து கேட்பது 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தவறு.

இதெல்லாம் இருக்கட்டும். நேர்மையான சின்ன கான்ட்ராக்டர் இந்தப் பக்கமே வராததற்கு நான் பார்த்த முக்கியமான காரணம் பயம். வேலை கிடைக்காதோ என்ற பயம் இல்லை, செய்த வேலைக்குப் பணம் வராதோ என்ற பயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் வேலை. கான்ட்ராக்டர் அந்தப் பணத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கித்தான் ஜல்லி, சிமென்ட், கூலி எல்லாம் கொடுத்திருக்கிறார். மாதம் 20 ஆயிரம் வட்டி. பில் ஆறு மாதம் மேசையில் கிடந்தால் 1 லட்சத்து 20 ஆயிரம் போச்சு. அப்போது ஒருவர் வந்து "50 ஆயிரம் கொடுத்தா அடுத்த வாரம் செக்" என்றால் அவருக்கு அது லஞ்சமாகவே தெரியாது, 70 ஆயிரம் மிச்சம் என்றுதான் தெரியும். கேட்கிறவர் மிரட்டக்கூட வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். ஒரு மாதம் சின்ன ஆட்சேபம், அடுத்த மாதம் இன்னொன்று, அப்புறம் ஃபைலைக் காணோம், அப்புறம் லீவு.

அடுத்த டெண்டரில் இந்த 50 ஆயிரத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார். விலையை ஏற்ற முடியாவிட்டால் ரோட்டின் கனத்தில் கழிப்பார். பில் எடுக்கத் தெரியாதவர் ஒதுங்கிக்கொள்வார், தெரிந்த இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். அந்த இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆக, சிண்டிகேட் என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இந்த பில் மேசையில் பிறந்தது என்பது என் கட்சி.

சரி, என்ன செய்யலாம்? பில் வந்த அன்றே அதற்கு ஒரு வரிசை எண், ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. ஆட்சேபம் இருந்தால் குறித்த நாளுக்குள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் எழுத வேண்டும். எண் வரிசைப்படிதான் பணம். தாண்டிக் கொடுத்தால் யார் சொல்லி, ஏன் என்று பக்கத்திலேயே பதிய வேண்டும். இந்தப் பட்டியல் இணையத்திலும் அலுவலகப் பலகையிலும் இருக்க வேண்டும்.

"நிதியே வரலைங்க, நாங்க என்ன செய்ய" என்று அதிகாரிகள் சொல்வார்கள். பல சமயம் அது உண்மைதான். நிதிக்குழு மானியம், அதாவது நிதிக்குழு பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு அரசு தரும் பணம், தவணை தவணையாகத்தான் வரும். அப்படியானால் மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், பொது நிதி என்று தனித்தனி வரிசை வையுங்கள். நிதி இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கட்டும். நிதி இல்லாத மாதத்தில் ஒருவருக்கு மட்டும் எப்படிச் செக் போனது என்ற கேள்வி தானாக எழும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் எம்.புக், அதாவது அளவுப் புத்தகம். வேலையை அளந்து பொறியாளர் எழுதுவது அதில்தான்; அதைப் பார்த்துத்தான் பில். மண்ணுக்கு மேலே தெரிவதை யாரும் அளந்துவிடலாம். மூடிய பிறகு தெரியாததில்தான் விளையாட்டு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டியதாக எழுதிவிட்டு மேலேயே போட்டால் எம்.புக்கில் தெரியாது, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும்போதுதான் தெரியும். தூர்வாருவதும் அப்படியே. வேலூர் நிக்கல்சன் கால்வாய் போன்ற ஒன்றில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்பதை ஒரு நல்ல மழைக்குப் பிறகு யார் போய் அளப்பது? அதனால் மூடப்போகிற வேலைக்கு, மூடுவதற்கு முன் டேப் வைத்து எடுத்த, இடமும் நேரமும் பதிந்த போட்டோ இல்லாமல் பில் ஏறக்கூடாது.

2022-ல் நம் வேலூரில் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வருடம் சத்துவாச்சாரியில் அடிபம்பு பாதி புதையும்படி கால்வாய் கட்டினார்கள். நாடே சிரித்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கான்கிரீட் கொட்டும்போது பக்கத்தில் மேற்பார்வைக்கு ஒருவர் நின்றிருந்தால் பைக்கை நகர்த்தச் சொல்லியிருப்பார். பைக்கையே பார்க்காதவர்கள் அடியில் போட்ட ஜல்லியின் கனத்தைப் பார்த்திருப்பார்களா?

இந்த வரிசைப் பட்டியல் நாளைக்கே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எந்த ஊரிலும் கவுன்சிலர் முதல் கிளார்க் வரை பலருக்கு அது பிடிக்காது. அதுவரை கையில் இருக்கும் கருவி தகவல் உரிமைச் சட்டம். 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பிரிவு 2(ஜே)-ஐப் படியுங்கள். நகல் வாங்குவது மட்டுமில்லை, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. 10 ரூபாய்தான் கட்டணம், நகலுக்குப் பக்கக் கணக்கில் தனி.

"என் தெரு ரோடு பற்றிய எல்லா விவரமும் வேண்டும்" என்று எழுதாதீர்கள், சுற்றலில் விடுவார்கள். வேலையின் பெயர், டெண்டர் எண் இரண்டையும் இ-டெண்டர் தளத்தில் எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கான எம்.புக் பக்கங்களின் நகல், பில் வந்து சேர்ந்த தேதி, பணம் போன தேதி, அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அதே நிதியிலிருந்து பணம் கொடுக்கப்பட்ட மற்ற பில்களின் பட்டியல் என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன பட்டியலைத்தான் தர மறுப்பார்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.