மணல் லாரியும் செனட் நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ நண்பர் ஊரில் வீடு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டைக் கட்டி விற்றது மேனி வில்லார் என்பவரின் நிறுவனமாம். சின்ன வயதில் சந்தையில் இறால் விற்றவர், இன்று அந்த நாட்டின் பெரும் பணக்காரர், செனட் தலைவராகவும் இருந்தவர் என்றார். கேட்டதிலிருந்து ஒரே வியப்பு. இப்படித் தானே சம்பாதித்து மேலே வந்தவர்கள்தானே சட்டம் இயற்றும் இடத்துக்குப் போக வேண்டும்? கையில் ஏற்கெனவே பணம் உள்ளவருக்குத் திருட வேண்டிய அவசியம் இல்லையே? என் மகனுக்கு இவர் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் அரசியலுக்கு வந்த 1992-ஓடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வில்லாரின் கதை.

1949-இல் மணிலாவின் டோண்டோ பகுதியில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா அரசு ஊழியர். அம்மா டிவிசோரியா சந்தையில் மீனும் இறாலும் விற்றவர். பையன் அம்மாவோடு சந்தைக்குப் போய் வியாபாரம் கற்றான். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார், பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் கணக்காளர் ஆனார். அதை விட்டுவிட்டுக் கடல் உணவு விநியோகத்தில் இறங்கினார்.

உங்கள் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது அங்கே நடந்த ஒரு விஷயத்தைத்தான். சரக்கு வாங்கிக்கொண்டிருந்த ஓர் உணவகம் பணம் கொடுக்க முடியாமல் கையை விரித்தது. வில்லார் சண்டைக்கு நிற்கவில்லை. சாப்பாட்டு டோக்கன் அச்சடித்தார். டோக்கனோடு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், அந்தத் தொகையைத் தனக்குத் தர வேண்டிய கடனில் கழித்துக்கொள்ளலாம் என்று உணவகத்தோடு பேசி முடித்தார். பிறகு டோக்கன்களை அலுவலக ஊழியர்களிடம் தள்ளுபடி விலையில் விற்றார். உணவகத்துக்குக் கூட்டம் வந்தது, ஊழியர்களுக்குச் சாப்பாடு மலிவாகக் கிடைத்தது, வராத கடனும் வசூலானது. இந்த மூளையை மெச்சாமல் இருக்க முடியாது.

1975-இல் பத்தாயிரம் பெசோ முதலோடு இரண்டு பழைய லாரிகளை வாங்கி, மணிலா பெருநகரின் லாஸ் பீன்யாஸ் பக்கம் கட்டட வேலைகளுக்கு மணலும் ஜல்லியும் ஓட்டினார். மணல் கொடுத்த கையோடு தானே வீடு கட்டவும் தொடங்கினார். மனையை ஒருவரிடம் வாங்கி, மேஸ்திரியை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு, வீட்டையும் மனையையும் சேர்த்துத் தவணையில் விற்றார். கமெல்லா என்ற அவருடைய வீட்டு நிறுவனத்தின் பெயர் அப்படி வளர்ந்தது. வெளிநாட்டில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இந்த வீடுகளின் முக்கியமான வாடிக்கையாளர்கள். உங்கள் நண்பர் அந்த வரிசையில் ஒருவர்.

இதுவரை எனக்கும் அவர்மேல் முழு மரியாதைதான். 1992-இல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டு வென்றார். அவர் வென்றது மாமனார் ஃபிலமோன் ஆகிலார் வகித்த தொகுதி. ஆகிலார் லாஸ் பீன்யாஸில் நெடுங்காலம் மேயராக இருந்தவர். உங்கள் நண்பர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், எல்லாரும் இறாலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

1998-இல் சபாநாயகர் ஆனார். அதிபர் எஸ்ட்ராடாவின் ஆதரவும் அப்போது இருந்தது. அந்த எஸ்ட்ராடா மீதுதான் 2000-இல் ஊழல் புகார் வெடித்தது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நேராக செனட் விசாரணைக்குப் போய்விடும் என்பது அங்குள்ள விதி. நவம்பர் 13 அன்று சபை கூடியதும் வில்லார் வழக்கமான பிரார்த்தனையைச் சொன்னார். முடித்த வேகத்தில், தேவையான கையெழுத்துகள் வந்துவிட்டன, தீர்மானத்தை செனட்டுக்கு அனுப்புகிறேன் என்று அறிவித்து சுத்தியலைத் தட்டினார். எஸ்ட்ராடா தரப்பு சுதாரிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அன்றே வில்லாரின் பதவி பறிபோனது. ஆனால் 2001 ஜனவரியில் எஸ்ட்ராடாவும் மாளிகையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வில்லாரின் அரசியல் வாழ்க்கையில் நான் மதிக்கும் நாள் அது.

அப்புறம் செனட். 2006 முதல் 2008 வரை அதன் தலைவர். இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பணக்காரருக்குத் திருட அவசியமில்லை என்கிறீர்கள். சரி, அவர் என்ன தொழில் செய்து பணக்காரர் ஆனார்? நிலம். பக்கத்தில் சாலை வந்தால் காலி மனை தங்கமாகிறது. அந்தச் சாலைக்குப் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். மணல் வியாபாரி ஒருவர் சட்டம் இயற்றப் போவதும், ஏராளமாக நிலம் வைத்திருப்பவர் போவதும் ஒன்றாகாது. பின்னவர் ஒரு பைசா திருடாமலே, வரைபடத்தில் சாலைக் கோடு எங்கே போக வேண்டும் என்ற முடிவாலேயே பல கோடி லாபம் அடைய முடியும்.

மணிலாவின் சி-5 சாலை நீட்டிப்பில் வில்லார் மீது வந்த புகார் இதுதான். பட்ஜெட்டில் ஒரே சாலைக்கு இரண்டு முறை பணம் சேர்க்கப்பட்டது, சாலை அவருடைய நிறுவனங்களின் நிலங்கள் வழியே போகிறது என்றார்கள். 2008 நவம்பரில் செனட் தலைவர் பதவி போனது. அவரைக் கண்டிக்கச் சொன்ன விசாரணை அறிக்கையில் சக செனட்டர்கள் கையெழுத்திட்டார்கள், ஆனால் அது சபையில் நிறைவேறவில்லை. வில்லார் எல்லாவற்றையும் மறுத்தார், எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. அவரைக் குற்றவாளி என்று நானும் சொல்லவில்லை. இப்படி ஒரு கேள்வி எழும் இடத்தில் நிலவியாபாரி ஒருவர் உட்கார்ந்ததே தவறு என்கிறேன்.

2010-இல் அதிபர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். 2013-இல் செனட்டை விட்டார். ஆனால் குடும்பம் விடவில்லை. மாமனார் 1987-இல் வென்ற அந்த லாஸ் பீன்யாஸ் தொகுதியில் 1992-இல் மருமகன் வில்லார், 2001-இல் மாமனாரின் மகளும் வில்லாரின் மனைவியுமான சிந்தியா, 2010-இல் பேரன் மார்க், 2019-இல் பேத்தி கமில். மார்க் 2016 முதல் 2021 வரை பொதுப்பணித் துறை அமைச்சர், அதாவது நாட்டின் சாலைகள் அவர் கையில். அரசியல் வாரிசுக் குடும்பங்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியல் சாசனமே சொல்கிறது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியவர்கள் இப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இன்னும் இயற்றவில்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 2025 தேர்தலில் கமில் செனட்டுக்குப் போனார், மார்க் ஏற்கெனவே அங்கே இருந்தார். செனட்டில் பன்னிரண்டு ஆண்டுகளை முடித்த சிந்தியா, பழைய தொகுதியில் மறுபடி நின்றார். அப்பாவும் கணவரும் பிள்ளைகளும் வென்ற அதே லாஸ் பீன்யாஸில், இந்த முறை அவர் தோற்றார்.