டிஎம்டி டெஸ்டில் ‘நம்பர் சொல்லுங்க’ என்றால்? – கேள்வி பதில்

கே: மேடம், டிஎம்டி (ட்ரெட்மில்ல நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்தப்போ ஒரு அட்டையைக் காட்டி, ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு, 6-ல இருந்து 20-க்குள்ள சொல்லுங்க’ன்னாங்க. ஒண்ணுல இருந்து பத்துன்னு வைக்கக் கூடாதா?

ப: ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் அது. 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இனி ஓரடி கூட முடியாது. பின்னால் ஒரு சைபர் போட்டுப் பாருங்கள், 60-லிருந்து 200. ஆரோக்கியமான இளவயதினரின் இதயத்துடிப்பு ஏறக்குறைய இதற்குள்தான் இருக்கும். வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பத்து வரை போகும் அளவுகோலும் அவர் செய்ததுதான். ஆறு நிமிட நடைச் சோதனையில் மூச்சுத்திணறலைக் கேட்க அதை எடுப்போம்.

கே: ஸ்கிரீன்லயே ஹார்ட் ரேட் ஓடுதே, அப்புறம் வாயால வேற எதுக்கு?

ப: அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை துடிப்பை ஏறவிடாது. திரையில் 105 காட்டும். ஆள் வியர்த்துக் கொட்டி ‘17’ என்பார். நான் ஆளைத்தான் நம்புவேன். இன்னொன்று, டிஎம்டியை நடத்தும் புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருதரம் ட்ரெட்மில்லின் வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம். மூன்றாவதில் 5.5 கி.மீ., 14%. ஒவ்வொரு கட்டமும் முடிகிற நேரத்தில் கேட்போம். 11, 13 என்று வந்தவர் திடீரென்று 17 என்றால், அடுத்த கட்டத்தை முடிப்பது சந்தேகம் என்று புரிந்துவிடும். நிறுத்தும் பட்டன் பக்கத்திலேயே நிற்போம்.

கே: அந்த மாத்திரையை டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தணுமா?

ப: டாக்டர் சொன்னால் மட்டும். நீங்களாக நிறுத்தவே கூடாது.

கே: அப்பாவைக் கூட்டிட்டு வரப்போறேன். எது கேட்டாலும் ‘ஒண்ணுமில்லம்மா’ன்னுதான் சொல்வார்.

ப: எங்களுக்குப் பெரிய சோதனையே இந்த அப்பாக்கள்தான்! வாய் ‘9’ என்னும். ட்ரெட்மில்லின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருக்கும். கம்பியில் பாரத்தைப் போட்டால் உடம்புக்கு வேலை குறைந்து, முடிவும் தப்பாக வரும். பெரிய நம்பர் சொன்னால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வாய்விட்டுச் சொல்லட்டும்.

கே: சைக்கிள் டெஸ்ட்ல மூச்சு நல்லா இருக்கு, தொடைதான் எரியுது. எதைச் சொல்ல?

ப: முழு உடம்புக்கும் சேர்த்து ஒரே நம்பர். கூடவே ‘காலுக்கு 17, மூச்சுக்கு 13’ என்று பிரித்துச் சொன்னால் நான் குறித்துக்கொள்வேன். சைக்கிள் பழக்கமில்லாதவருக்குத் தொடை முதலில் சோர்வது சகஜம்.

கே: தினமும் வாக்கிங் போறப்போ இந்த நம்பர் உதவுமா?

ப: தாராளமாக. 12, 13-ல் நடங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.